எத்திக்ஸ் கமிட்டி முன்னால் நின்ற அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

சமூக மருத்துவம், எம்.டி. மாணவி:

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைத் தொடங்கும் முன் அனுமதி தருகிற குழுதான் எத்திக்ஸ் கமிட்டி. எங்கள் பேட்சில் அதை ‘சீல் வாங்குற இடம்’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். தீசிஸ் தொடங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் தலைப்பு ரத்தசோகை. மலைப்பகுதி அரசு விடுதி ஒன்றில் தங்கிப் படிக்கும், 12 முதல் 17 வயது வரையுள்ள பெண்களுக்கு விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். கூடவே சாப்பாடு, மாதவிடாய் பற்றி ஒரு கேள்வித்தாள். விடுதி என்றால் வார்டன் கையெழுத்துப் போதும் என்பது பல இடங்களில் நடைமுறை. பெற்றோர் மலைமேல் எங்கோ இருக்கிறார்கள், அவர்களைத் தேடி யார் போவது என்பார்கள்.

கமிட்டியில் இருந்த வழக்கறிஞர் அம்மா முதலில் கேட்டதே இதைத்தான். “அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்கல்ல? வார்டன் எப்படிம்மா கையெழுத்துப் போட முடியும்?” பிறகு கம்மத்தில் நடந்ததைச் சொன்னார். 2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் (இப்போது தெலங்கானா) 10 முதல் 14 வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசியைப் போட்டு ஒரு திட்டம் நடத்தினார்கள். விடுதிகளில் இருந்த பழங்குடிப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையைப் படித்தால் மனசு கொதிக்கும். ஆந்திராவில் வாங்கிய 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. பெற்றவர்களைக் கேட்காமலே செய்தார்கள் என்பதுதான் குற்றம்.

அதனால் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஆய்வைப் பற்றி விளக்கும் தகவல் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அப்பாக்கள் பலர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கேட்கவே ஆரம்பித்தார்கள். அம்மாக்கள்தான் கேள்வி கேட்டார்கள். “எடுத்த ரத்தத்த என்ன பண்ணுவீங்க?” “இது பெரியவளானதப் பத்தியெல்லாம் கேக்குதே, பசங்க யாராச்சும் படிப்பாங்களா?”

ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி 12 வயதுக்கு மேல் பிள்ளையிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பா கையெழுத்துப் போட்ட பிறகும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். “டாக்டர் கேக்குறாங்கல்ல, போடு பாப்பா” என்று அவர் அதட்டினார். வேண்டாங்க ஐயா, அவள் இஷ்டம்தான் என்று சொல்லி அந்தப் படிவத்தை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தோழிகள் இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். வார்டனுக்குக் கோபம். எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. மறுக்க முடிகிறது என்று தெரிந்த பிறகும் கையை நீட்டியவர்களின் பதிலைத்தானே நம்ப முடியும்?

கமிட்டியில் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: “எட்டு கிராமுக்குக் கீழ இருந்தா அன்னிக்கே என்ன செய்வே?” ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழ் என்றால் தீவிர ரத்தசோகை. எழுதிக்கொண்டு வந்துவிட முடியாது. அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசி, அனுப்பினால் அன்றைக்கே பார்ப்போம் என்று கடிதம் வாங்கி இணைத்தேன். ரிசல்ட்டை வரிசையில் நிற்கும்போது உரக்கப் படிக்கக் கூடாது, தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் அவர்கள் போட்ட நிபந்தனைதான்.

செவிலியர் கல்லூரி, எம்.எஸ்சி. முடித்தவர்:

விடுதியாவது பரவாயில்லை. வார்டில் நிலைமை இன்னும் கஷ்டம். எங்கள் நோயாளிகள் யூனிஃபார்மைப் பார்த்தாலே சரி என்பார்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் தூக்கம் பற்றி ஆய்வு செய்தேன். வயதான அம்மா ஒருவர் தகவல் தாளை நான் படித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கையெழுத்துப் போடலன்னா அடுத்த வாரம் மிஷின்ல போட மாட்டீங்களா கண்ணு?” என்றார். ‘நீங்கள் மறுத்தாலும் சிகிச்சை பாதிக்காது’ என்ற வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதையும்தான் படித்திருந்தேன். அவர் காதில் அது ஏறவில்லை, ஏறவும் ஏறாது. மூக்கில் மருந்து வாசம், பக்கத்தில் நிற்பது வழக்கமாக ஊசி குத்துகிற சிஸ்டர்.

அதன்பின் கமிட்டிக்குத் திருத்தம் எழுதிப் போட்டு அனுமதி வாங்கினேன். அந்த யூனிட்டில் டியூட்டி பார்க்காத வேறொருவர்தான் கேட்பார். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்க மாட்டார். வீட்டுக்கு எடுத்துப்போய் மகன் மகளிடம் காட்டிவிட்டு அடுத்த முறை சொன்னால் போதும். கைரேகை வைப்பவர்களுக்குச் சாட்சி, ஆய்வில் சம்பந்தப்படாத ஆளாக இருக்க வேண்டும். வார்டு அட்டெண்டரைக் கூப்பிட்டு சாட்சிக் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. அது சாட்சியே இல்லை.

உளவியல் முதுகலை, கலைக்கல்லூரி:

நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் கல்லூரியில் கமிட்டியே கிடையாது. “வெறும் கேள்வித்தாள்தானே, இதுக்கு எதுக்கு அனுமதி?” என்பதுதான் பொதுவான பேச்சு.

நான் எடுத்தது கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு, பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை வைத்து. அதில் ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. பெயர் இல்லாத கூகுள் ஃபார்ம். ராத்திரி ஒரு மணிக்கு எங்கோ ஒரு விடுதி அறையில் யாரோ ‘ஏறக்குறைய தினமும்’ என்று தட்டி சப்மிட் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி ஃபார்மை அமைத்தால் பாதிப் பேர் உண்மை சொல்ல மாட்டார்கள். இரண்டும் சங்கடம்தான்.

சொந்தக் கமிட்டி இல்லாத நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். எங்கள் துறைத்தலைவர் அலைந்து திரிந்து பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு அதை ஏற்பாடு செய்தார், அவருக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கிருந்த மனநல மருத்துவர் மூன்று விஷயம் சொன்னார். ஆன்லைன் வேண்டாம், நேரில் சின்னக் குழுக்களாக உட்காரவைத்துப் பூர்த்தி செய்யச் சொல். தாள் கைக்கு வந்ததும் ஒன்பதாவது கேள்வியை அங்கேயே பார். கவுன்சிலர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கட்டும். பங்கேற்ற எல்லோருக்கும், பதில் எதுவாக இருந்தாலும், அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மனஸின் எண் 14416 அச்சிட்ட துண்டுச்சீட்டு கொடுத்தோம். எல்லோருக்கும் கொடுத்ததால் யாரும் தனியாகத் தெரியவில்லை.

வகுப்பு ஆசிரியர் முன்னால் நின்று “எல்லாரும் ஃபில் பண்ணுங்க, இன்டர்னல்ல பாத்துக்கலாம்” என்று சொல்லக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். படிப்பவர்களுக்குப் புரியும், இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறதென்று.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கமிட்டி உறுப்பினர்:

மருத்துவம் தெரியாத பொதுஜனம் என்ற முறையில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். தலைவர் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவராகவும், வழக்கறிஞர், சமூக அறிவியலாளர், என் போன்ற சாமானியர் உறுப்பினர்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் இந்தக் கூட்டத்தில் நமக்கென்ன வேலை என்று நினைத்தேன். இப்போது தகவல் தாளை முதலில் படிப்பது நான்தான். ‘5 மில்லி ரத்தம்’ என்று இருந்தால் ஒரு டீஸ்பூன் என்று சேர்க்கச் சொல்வேன். எத்தனை முறை வர வேண்டும், பஸ் காசு யார் கொடுப்பது, சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய நம்பரை யாராவது எடுப்பார்களா என்று கேட்பேன். கூட்டத்திலேயே அந்த நம்பருக்கு அடித்துப் பார்ப்பதும் உண்டு.

மாணவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஃபைலை மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, தலைப்பை மாற்று, மார்ஜினைச் சரிசெய் என்று திருப்பி அனுப்பும் கமிட்டிகள் உண்டு. ஆபத்து குறைந்த ஆய்வுகளை விரைவுப் பரிசீலனையில் முடிக்க வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் முழுக் கூட்டத்துக்குத் தள்ளுவது சோம்பேறித்தனம். அதனால்தான் பிள்ளைகள் டேட்டா எடுத்து முடித்துவிட்டு அனுமதிக்கு வருகிறார்கள். அப்படி வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, முன்தேதியிட்டு அனுமதி கொடுக்க முடியாது. அழுதபடி போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு சங்கடப்படும். ஆனால் கேட்காமல் ரத்தம் எடுக்கப்பட்டவர்கள் அந்த அறையில் இல்லை. அவர்களுக்காகவும் யாராவது பேச வேண்டுமல்லவா?

முதல் பதிவிட்ட தங்கைக்கு ஒரு கேள்வி: ஆய்வு முடிந்ததும் முடிவை அந்த விடுதியில் போய்ச் சொன்னாயாம்மா?

சமூக மருத்துவம், எம்.டி. மாணவி:

சொன்னேன் ஐயா. யார் பெயரும் இல்லாமல், எத்தனை பேருக்கு ரத்தம் குறைவு என்று மட்டும் பெற்றோர் வரும் ஞாயிறன்று சொன்னேன். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டதும் டீ குடித்தால் பலன் குறையும் என்றேன். விடுதியில் அதுவரை மாத்திரையும் சாயங்கால டீயும் ஒன்றாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வார்டன் அங்கேயே சமையற்கார அக்காவைக் கூப்பிட்டு நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டார். சம்மதம் தராத மூன்று பெண்களும் இப்போது ஹீமோகுளோபின் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஆய்வுக் கணக்கில் சேர்க்காமல், சிகிச்சைக்கென்று சுகாதார நிலையத்தில் பார்க்க ஏற்பாடு செய்தேன்.