மறு: செல் ஒட்டு மூலக்கூறு: ‘ஒட்டு’ போதுமா?

> மூளையில் நரம்பு செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நரம்புச் சந்தி (சினாப்ஸ்) பற்றிய கட்டுரையில் ‘செல் ஒட்டு மூலக்கூறு’ என்று எழுதினால் பசை என்றுதான் படிக்கிறார்கள். அது ஏற்பிகளையும் (சமிக்ஞையை வாங்கும் புரதங்கள்) ஆள்கிறது என்பது சொல்லில் வரவில்லை. எங்கள் பல்லடம் பக்கம் தறியில் பாவு தீர்ந்தால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைப் பிணைப்பது என்போம். இணைக்கு இணை பார்த்துச் சேர்க்கிற வேலை. ‘பிணை மூலக்கூறு’ எனலாமா?

வணக்கமுங்க அண்ணா,

தறிச்சொல் அழகுதான், ஆனால் இங்கே இடம் காலியில்லை. வேதியியலில் ‘பிணைப்பு’ ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. நியூரெக்சின், நியூரோலிஜின் இரண்டும் சந்தியில் இருக்கும் ஒட்டு மூலக்கூறுகள். ‘பிணை மூலக்கூறான நியூரெக்சின் நியூரோலிஜினோடு பிணைகிறது’ என்று வகுப்பில் சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஜாமீன் நினைப்பும் வரும்.

‘ஒட்டு’ இருக்கட்டும் என்பது என் கட்சி. அது குடும்பப் பெயர். தோலின் செல்களைப் பிடித்து நிறுத்தும் கேடரினும் அதே குடும்பம்தான். அங்கே ஏற்பிப் பஞ்சாயத்து எதுவும் பேச வேண்டியதில்லை. மூளையில் மட்டும் செய்யும் கூடுதல் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும்.

அந்த வேலை என்னவென்று பார்த்தால் சொல் கிடைக்கும். சந்தியின் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். அனுப்பும் பக்கம் நியூரெக்சின், வாங்கும் பக்கம் நியூரோலிஜின். இரண்டும் நடுவில் கைகோக்கின்றன. நியூரோலிஜின்-1 தன் வெளிப்பகுதியாலேயே என்எம்டிஏ என்ற குளூட்டமேட் ஏற்பியைப் பிடித்துவைக்கிறது. உள்வால் பிஎஸ்டி-95 என்ற, கட்டடச் சாரம் போலத் தாங்கும் புரதத்தில் மாட்டியிருக்கிறது. நியூரோலிஜின்-2 சமிக்ஞையை அடக்கும் சந்திகளில் ஜெஃபைரின் என்ற தாங்கு புரதத்தோடு சேர்ந்து, காபா என்ற வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளைத் திரட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது நியூரெக்சின்-3: அதன் ஆர்என்ஏ வெட்டிச் சேர்க்கப்படும் விதம் மாறினால், எதிர்க்கரையில் ஆம்பா என்ற இன்னொரு வகைக் குளூட்டமேட் ஏற்பிகளின் அளவே மாறிவிடுகிறது. இக்கரையில் திருத்தம், அக்கரையில் விளைவு.

இன்னொரு வேடிக்கை. நியூரெக்சின் 1992-இல் வெளிப்பட்டதே ஒரு ஏற்பியாகத்தான், கருப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சைப் பற்றும் ஏற்பியாக. ஆகவே ‘ஏற்பிகளை ஆளும் மூலக்கூறு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் குழப்பம் வரும். எந்த ஏற்பி என்று ஒவ்வோர் இடத்திலும் பெயர் சொல்லிவிடுங்க.

என் முன்மொழிவு: ‘சந்தி அமைப்பி’. நரம்பு அல்லாத செல்லில் நியூரோலிஜினை வைத்தாலே, அதைத் தொடும் நரம்பிழை அங்கே அனுப்பும் முனையைக் கட்டத் தொடங்குகிறது என்று 2000-இல் காட்டினார்கள். அமைப்பி என்று சொல்ல வேறென்ன சாட்சி வேண்டும்?

கோபியிலிருந்து,
விலங்கியல் வாத்தியாரம்மா

---

அம்மணி,

பிணையை விட்டுவிட்டேன். ‘அமைப்பி’யில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2006-இல் நியூரோலிஜின் 1, 2, 3 மூன்றையும் நீக்கிய சுண்டெலிகளைப் பார்த்தார்கள் அல்லவா? பிறந்த கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட முடியாமல் செத்தன. ஆனால் சந்திகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது. சமிக்ஞை கடத்துவதில்தான் கோளாறு. அமைப்பி இல்லாமலே சந்தி அமைந்துவிட்டதே! தட்டில் வளர்த்த செல்லில் தெரிந்ததைவிட உயிருள்ள எலியில் தெரிந்ததற்குத்தான் நான் சொல் தேடுவேன்.

‘நிறுத்தி’ என்று யோசித்தேன்; தடுப்பது என்று பொருள்பட்டுவிடும். ‘கட்டுப்படுத்தி’யும் குறைப்பது போலவே ஒலிக்கிறது, இவையோ ஏற்பிகளைச் சேர்த்தும் வைக்கின்றன. ‘சந்தி நெறிப்படுத்தி’ எப்படி? நீளம்தான். இருந்தாலும் சந்தி ஏற்கெனவே இருக்கிறது, அது ஒழுங்காக ஓட இவை வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சந்தியைக் குறிக்கும் ‘சினாப்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லே 1897-இல் ஃபாஸ்டரின் உடலியல் பாடநூலுக்காக, கிரேக்கம் படித்த வெரால் என்பவரிடம் கேட்டு வாங்கியதுதான். அந்தப் பகுதியை எழுதிய நரம்பியலாளர் ஷெரிங்டன் மனதில் இருந்தது வேறு சொல். அவரே விட்டுக்கொடுத்திருக்கிறார், நாம் மல்லுக்கட்டுவதில் தப்பில்லை.

கட்டுரையில் குடும்பத்துக்கு ‘செல் ஒட்டு மூலக்கூறு’, வேலைக்கு ‘சந்தி நெறிப்படுத்தி’ என்று போட்டு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். கேடரின் வகையில் என்-கேடரின் ஆம்பா ஏற்பியின் ஜிஎல்யுஏ2 துணையலகோடு (ஏற்பியின் ஒரு பாகம்) உறவாடுவதையும் சேர்க்கவா? அங்கே ‘துணையலகு’ சரியா, ‘உள்ளலகு’ சரியா என்று இப்போதே சொல்லிவிடுங்க அம்மணி.

பல்லடத்திலிருந்து