வருச இலக்கும் இணைய ஆதாரமும்: ஆய்வேட்டுக்கு எப்படிக் கணக்கு வைக்கிறதுங்க?

மஞ்சமூட்டை (கேள்வி)

ஈரோடு மஞ்சள் சந்தையோட விலை ஏற்ற இறக்கம் பத்தி முழுநேர முனைவர் பட்ட ஆய்வு. பதிவு பண்ணி ஒண்ணரை வருசம் ஆச்சு, கோர்ஸ் ஒர்க் முடிஞ்சது. ஆய்வேடு இங்கிலீஷ்ல, ஆதாரம் பாதிக்கு மேல தமிழ்ல. ஜனவரியில எழுதி வெச்ச இலக்கு: 100 கட்டுரை படிக்கணும், 3 இயல் எழுதணும், 2 கட்டுரை வெளியிடணும். இப்ப ஜூன் நடுவுல நிக்குது. படிச்சது 61, எழுதினது ஒரு இயல்ல பாதி.

இன்னொரு சிக்கல். ஆதாரத்துல மூணுல ஒரு பங்கு இணையம்: தினசரி விலைப் பக்கம், வலைப்பூ, யூடியூப்ல ஏல வீடியோ, விவசாயிகள் வாட்ஸப் குழுவுல வர்ற தகவல். முகவரியை மட்டும் காப்பி பண்ணி ஒரு கோப்புல போட்டு வெச்சிருந்தேன். அதுல 9 முகவரி இப்பத் திறக்கறதே இல்லை. அடுத்த டாக்டோரல் கமிட்டிக்கு (ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கற குழு) முன்னாடி ரெண்டையும் எப்படிச் சரி பண்றதுங்க?

பவானிக்கரை

முதல்ல இலக்கைப் பார்த்துடலாங்க, அம்மணி. "100 கட்டுரை படிப்பேன்"ங்கறதுல எங்க கோளாறுன்னா, படிச்சதுக்குக் கையில ஒண்ணும் மிஞ்சறதில்லை. 61 படிச்சீங்க சரி, அதுல எத்தனைக்குக் குறிப்பு இருக்கு? எண்ண வேண்டியது குறிப்பைத்தான். ஒரு குறிப்புன்னா: மேல ஆதார விவரம் முழுசா, கீழ உங்க சொந்த வார்த்தையில அஞ்சாறு வரி, அப்படியே எடுத்த வரி இருந்தா மேற்கோள் குறிக்குள்ள பக்க எண்ணோட, கடைசியில "இது எந்த இயலுக்கு"ன்னு ஒரு சொல். இதுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி இல்லாட்டி அந்தக் கட்டுரையைப் படிச்சதாவே கணக்கு வைக்காதீங்க.

அடுத்தது வாரக் கணக்கு. வருசத்துல 52 வாரம்னு வெச்சுப் போட்டா ஏமாந்துதான் போகணும். பொங்கல், சித்திரை, தீபாவளி, மாரியம்மன் சாட்டு, சொந்தத்துல கல்யாணம், தேர்வு மேற்பார்வை, காய்ச்சல் எல்லாம் சேர்த்து 12 வாரம் போயிடும். மிச்சம் 40. ஜூன் நடுவுல இருந்து பார்த்தா வேலை நடக்கற வாரம் சுமாரா 20. வாரம் 4 நாள், நாளுக்கு 300 வார்த்தைன்னா 1,200. 8,000 வார்த்தை இயலுக்கு முதல் வரைவு 7 வாரம், அட்டவணை சரிபார்த்துத் திருத்த இன்னும் 3 வாரம். ஆக இயலுக்கு 10 வாரம். கையில இருக்கற 20 வாரத்துல பாதி இயலை முடிக்க 5, அடுத்த இயலுக்கு 10, மிச்சம் 5 வாரம் கமிட்டி அறிக்கைக்கும் ஒரு கட்டுரைக்கும். மூணு இயல் இந்த வருசம் ஆகாது. அதை இப்பவே நெறியாளர்கிட்டச் சொல்லிடுங்க, டிசம்பர்ல சொல்றதை விட மரியாதையா இருக்கும்.

இலக்கு ஜனவரியில தொடங்கணும்னும் இல்லீங்க. 2022 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னாடி முன்னேற்றத்தைச் சொல்லியாகணும். நாம டாக்டோரல் கமிட்டின்னு சொல்றது அதைத்தான். அதனால உங்க வருசம் பதிவு தேதியில இருந்து ஆறு மாசம் ஆறு மாசமா ஓடுது. அதோட மஞ்சளுக்குன்னு ஒரு நாள்காட்டி இருக்கு. வேக வெச்சு, காய வெச்சு, மெருகேத்தின புது மஞ்சள் மாசி பங்குனியில சந்தைக்கு வரும். அந்த மாசங்கள்ல ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல நின்னு தகவல் எடுக்கணும், எழுத்து நடக்காது. ஆடி ஆவணியை எழுத்துக்குன்னு ஒதுக்குங்க.

கால வரம்பு: குறைஞ்சது 3 வருசம், அதிகபட்சம் 6, மறுபதிவுல இன்னும் 2. பெண்களுக்கு அதுக்கு மேலயும் 2 வருசத் தளர்வு உண்டு. ஆய்வேடு கொடுக்கறதுக்கு முன்னாடி கட்டுரை வெளியிட்டே ஆகணும்ங்கற கட்டாயத்தை 2022 விதி எடுத்துடுச்சு. ஆனா பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கேக்கலாம், உங்க ஆய்வுப் பிரிவுல எழுத்துல கேட்டு வாங்குங்க. ஒண்ணு போதும்னா ரெண்டாவது கட்டுரையை இந்த வருசப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம்.

நூலகத்துமேசை

இணைய ஆதாரம் பத்தி. முகவரி மட்டும் வெச்சா அது ஆதாரம் ஆகாதுங்க. வீட்டு நம்பர் இருக்கு, குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்கன்னா என்ன பண்றது? பக்கத்தைத் திறந்த அந்த நிமிசமே எடுக்க வேண்டியது: எழுதினவர் அல்லது நிறுவனம், பக்கத்தோட தலைப்பு, தளத்தோட பேர், வெளியான அல்லது திருத்தின தேதி, நீங்க பார்த்த தேதி, முகவரி, சேமிச்ச நகலோட முகவரி, உங்களுக்கு வேண்டிய வரி. தேதியே இல்லாட்டி "தேதி இல்லை"ன்னு குறிங்க, நீங்களா ஒரு வருசத்தைப் போடாதீங்க.

நகலுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின் போதும், இணையப் பக்கங்களோட நகலைச் சேமிச்சு வைக்கற தளம் அது. முகவரியை ஒட்டி "சேமி"ன்னு கொடுத்தா 14 இலக்க எண்ணோட புது முகவரி தரும். அந்த எண்தான் வருசம், மாசம், நாள், மணி, நிமிசம், வினாடி. அது நம்ம நேரம் இல்லை, உலகப் பொது நேரம். ஜூன் 15 விடியக்காலம் 2 மணிக்குச் சேமிச்சா ஜூன் 14, 20:30னு காட்டும். பார்த்த தேதியும் நகல் தேதியும் ஒரு நாள் தள்ளி இருக்கறது இதனாலதான், யாராச்சும் கேட்டா பதில் வெச்சுக்குங்க. செத்துப்போன அந்த 9 முகவரியையும் அதே இடத்துல ஒட்டிப் பாருங்க, வேற யாராவது முன்னாடியே சேமிச்சிருக்க வாய்ப்பிருக்கு.

ஆனா தினசரி விலைப் பக்கம் அதுல நிக்காது. மாநிலம், மாவட்டம், சந்தை, சரக்கு, தேதின்னு தேர்ந்தெடுத்த பிறகுதான் அட்டவணை வருது. வேபேக் சேமிக்கறது பெரும்பாலும் வெத்துப் படிவத்தைத்தான். அதனால அட்டவணையை எக்செல்லா இறக்கி, கோப்புப் பேர்லயே எல்லாம் வர்ற மாதிரி வைங்க: "2025-03-14_ஈரோடு_மஞ்சள்_விரலி". விரலியும் (விரல் மாதிரி நீளமான மஞ்சள்) கிழங்கும் (உருண்டை மஞ்சள்) தனித்தனி விலை; ரெண்டையும் ஒரே கோப்புல கலந்தா சராசரி பொய் சொல்லும். என்னென்ன தேர்ந்தெடுத்தீங்கங்கறதை முறையியல் இயல்ல ஒரு வாக்கியமா எழுதி, மூல அட்டவணையைப் பின்னிணைப்புல வைங்க. ஒரு குவிண்டால் 100 கிலோ. மூட்டைக் கணக்குல வர்ற தகவலை எடைக்கு மாத்தினா, எப்படி மாத்தினீங்கன்னும் சொல்லணும்.

வலைப்பூ: அதுல இருக்கற தகவல் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு படி கீழ இறங்கிப் பாருங்க. 2019ல ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதுக்கு வலைப்பூவைக் காட்ட வேண்டியதில்லை, சென்னையில இருக்கற பதிவகத்தோட பதிவே இருக்கு. 1800ல பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் வந்து எழுதினதும் அப்படித்தான். 1807ல அச்சான தொகுதியை இணையத்துலயே படிக்கலாம், தொகுதி எண், பக்க எண்ணோட அதையே காட்டுங்க. ஆனா அந்தப் பக்கத்துக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனது வலைப்பூதான்னா, அதை எழுதினவருக்கு அடிக்குறிப்புல ஒரு வரி கொடுங்க. தேடற உழைப்பை அவர் பண்ணியிருக்காரு. மூலத்தைப் பார்க்காமலே பார்த்த மாதிரி காட்டறதும் திருட்டுதாங்க.

யூடியூப்னா சேனல் பேர், ஏத்தின தேதி, நிமிசம், வினாடி. வாட்ஸப் தகவலை மத்தவங்க திறந்து பார்க்க முடியாது. ஏபிஏ 7 முறையில (ஆதாரம் காட்டற ஒரு முறை, ஏழாம் பதிப்பு) அது தனிப்பட்ட தொடர்பு, உரைக்குள்ள மட்டும் வரும், ஆதாரப் பட்டியல்ல வராது. அனுப்பினவர்கிட்ட அனுமதி வாங்காம பேரைப் போடாதீங்க. விக்கிப்பீடியான்னா பக்க வரலாற்றுக்குப் போய் நீங்க படிச்ச அன்னிக்கு இருந்த பதிப்போட முகவரியை எடுங்க.

மஞ்சமூட்டை

ரொம்ப நன்றிங்க. வேபேக்ல 9ல 5 கிடைச்சுடுச்சு. இன்னும் ஒண்ணு: தமிழ்ல இருந்து நானே இங்கிலீஷ்ல மாத்தி எழுதின பத்திகள் இருக்கு. ஒப்புமை அறிக்கையில (மத்தவங்க எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு மென்பொருள் தர்றது) 4 சதவீதம்தான் வருது. அப்ப பிரச்சினை இல்லைதானே? கிடைக்காத 4ஐ என்ன பண்றது?

சென்னிமலைத்தறி

அந்த 4 சதவீதத்தை நம்பி விட்டுடாதீங்க. மென்பொருள் பார்க்கறது பெரும்பாலும் எழுத்து ஒத்துப்போகுதாங்கறதை. தமிழ்ப் பத்தியை இங்கிலீஷ்ல மாத்தினா அதுல அது சிக்காமலே போயிடலாம், ஆனா கருத்து அடுத்தவங்களுது. எடுத்த ஒவ்வொரு பத்திக்கும் அந்த இடத்துலயே ஆதாரம் வேணும். மேற்கோளா மாத்தினதுக்கு "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது"ன்னு ஒரு தடவை சொல்லிடுங்க. தமிழ்த் தலைப்பை ஏபிஏ முறையில ரோமன் எழுத்துல கொடுத்து, பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள இங்கிலீஷ் பொருள் தரணும்.

எழுத்துத் திருட்டுக்கான 2018 யூஜிசி விதியில ஒப்புமை 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை. 10க்கு மேல 40 வரைக்கும் ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும். 40க்கு மேல 60 வரைக்கும் திருத்தின ஆய்வேட்டையே ஒரு வருசத்துக்குக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினா பதிவு ரத்து. ஆதாரம் காட்டின மேற்கோள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்டம், பொதுச் சமன்பாடு, தொடர்ச்சியா 14 சொல் வரைக்கும் வர்ற பொதுவான தொடர்: இதெல்லாம் கணக்குல சேராது. அதனால அறிக்கை எடுக்கும்போது மேற்கோளும் நூற்பட்டியலும் விலக்கப்பட்டிருக்கான்னு பாருங்க. அதை விலக்காம எடுத்துட்டு 18 சதவீதம் வந்துடுச்சுன்னு நல்ல மேற்கோளை எல்லாம் வெட்டிப் போடறவங்க நிறைய.

கிடைக்காத 4க்கும் அதே தகவல் வேற இடத்துல இருந்தா அதைப் படிச்சுட்டு அதைக் காட்டுங்க. இல்லாட்டி அந்த வாக்கியத்தை எடுத்துடுங்க. சாட்பாட்கிட்ட "இதுக்கு ஆதாரம் கொடு"ன்னு கேக்காதீங்க, இல்லாத கட்டுரையைத் தலைப்போட, டி.ஓ.ஐ. எண்ணோட (கட்டுரைக்குன்னு இருக்கற நிரந்தர அடையாள எண்) செஞ்சு கொடுத்துடும்.

பவானிக்கரை

ஆதார விவரமெல்லாம் கையால எழுத வேண்டாம், ஜோடேரோ போடுங்க, ஆதாரத்தைச் சேர்த்து வைக்கற மென்பொருள், இலவசம். பிரவுசர்ல அதோட பொத்தானை அழுத்தினா பக்கத்தோட நகலும் பார்த்த தேதியும் சேர்ந்தே உள்ள வந்துடும். ரெண்டு இடத்துல கவனம். பேர் பெட்டி ரெண்டா இருக்கும், கடைசிப் பேர், முதல் பேர்னு. நம்ம பேர்ல குடும்பப் பேர் இல்லை. பக்கத்துல இருக்கற சின்னப் பொத்தானை அழுத்தி ஒரே பெட்டியா மாத்திட்டு முதலெழுத்தோட சேர்த்துப் போடுங்க. நிறுவனப் பேருக்கும் இதுதான், இல்லாட்டி "கழகம், தமிழ்நாடு"ன்னு தலைகீழா அச்சாகும்.

ரெண்டாவது, பாமினி, வானவில்னு யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல இருக்கற பழைய பி.டி.எஃப்.ல இருந்து காப்பி பண்ணினா ரோமன் எழுத்துக் குப்பையா வரும். யூனிகோடுக்கு மாத்தி ஒட்டுங்க. மாத்தின பிறகும் "கொங்கு"ன்னு தேடினா சிலது சிக்காது. "கொ"வோட கொம்பும் காலும் ஒரே குறியா இருக்கலாம், ரெண்டு தனிக் குறியாவும் இருக்கலாம்; திரையில ரெண்டும் ஒண்ணுதான், தேடலுக்கு வேற வேற. குறிப்புல தலைப்பை நீங்களே ஒரு தடவை தட்டச்சு பண்ணிடுங்க.