மகசினுக்குத் தமிழ்: கழல்கூடா, கழற்றுகூடா?

வகுப்புக்காரன் (ஸ்காபரோ, கனடா):
அன்பர்களே, அவசரம். இங்கே வேட்டைக்குப் போக ஆசைப்படும் நம்மவர் ஏழு பேருக்குச் சனிக்கிழமை துப்பாக்கிப் பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் கொடுக்க வேண்டும். கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "முதலில் பத்திரிகையைக் கழற்றவும்" என்று வந்தது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மகசினுக்குத் தமிழில் என்ன சொல்வது?

போல்ட் ரைபிளில், அதாவது ஒவ்வொரு தடவையும் போல்ட் என்ற தாழைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவதில், மகசின் இரண்டு வகை. டிக்கா டி3 மாதிரியானவற்றில் கொக்கியைத் தள்ளினால் மகசின் கையோடு வந்துவிடும். ரெமிங்டன் 700இன் பழைய வகைகளில் மரக்கட்டைக்குள்ளேயே பொதிந்திருக்கும். அதிலும் பிடிஎல் என்ற ரகம் என்றால் அடியில் கீல் வைத்த மூடி உண்டு. திறந்தால் தோட்டாக்கள் உள்ளங்கையில் கொட்டும். ஏடிஎல் என்ற ரகத்தில் அந்த மூடியும் கிடையாது. போல்டை முன்னும் பின்னும் இழுத்து ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டும்.

அழகுக்காகக் கேட்கவில்லை. ஒன்டாரியோ வேட்டை விதிப்படி, சுடும் அறை காலியாக இருந்தாலும், துப்பாக்கியில் மாட்டியிருக்கும் மகசினில் ஒரு தோட்டா இருந்தால் அது குண்டேற்றிய துப்பாக்கிதான். எனவே எது கழலும், எது கழலாது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். வியாழனுக்குள் கிடைத்தால் நல்லது.

தஞ்சைப் புலவர்:
நம்மிடம் இல்லாத சொல்லா? அம்பு வைக்கும் கலத்துக்குத் தூணி, புட்டில், ஆவநாழிகை என்று எத்தனை! நாழி என்றாலே உட்துளை உள்ளது. மூங்கில் குழாயும் அளக்கும் நாழியும் ஒரே வேர் என்பது என் துணிபு. தோளில் மாட்டிக் கழற்றுவது தூணி. ஆகவே கழல்வதற்குத் 'தோட்டாத்தூணி'. நிலையாக இருப்பதற்குக் 'குதிர்'. வீட்டோடு கட்டிய குதிரை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை.

வகுப்புக்காரன்:
ஐயா, அம்பறாத்தூணி என்றால் அம்பு தீராத தூணி. தோட்டா தீர்ந்துவிட்டதா என்று மூன்று தடவை பார்க்கச் சொல்லும் வகுப்பில் அந்த நினைப்பு வரவே கூடாது. குதிர் அதைவிட மோசம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கேட்டால் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பான் ஒருவன்.

யாழ்ப்பாணத்தவள்:
தம்பி, தோட்டாவை நாங்கள் ரவை எண்டுதான் சொல்லுறது. எங்கட சனத்துக்கு ரவைக்கூடு எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். அதை நாங்கள் புத்தகத்தில படிச்சுத் தெரிஞ்சுகொள்ளேல்ல. உங்கட ஏழு பேரில எத்தினை பேர் எங்கட ஆக்கள் எண்டு முதல்ல எண்ணிப் பாருங்கோ. மகசின் எண்டு சொன்னால் எனக்குக் கொழும்பு மகசின் சிறைதான் ஞாபகம் வரும்.

தஞ்சைப் புலவர்:
அம்மையார் சொன்னதில் பொருள் இருக்கிறது. மகசின் அரபியில் கிடங்கு. இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வெடிமருந்துக் கிடங்கும் மகசின், கட்டுரைக் கிடங்கான இதழும் மகசின். கணினி அதனால்தான் பத்திரிகையைக் கழற்றியது! ஆனால் ரவைக்கூடு என்று எங்கள் ஊரில் சொன்னால் உப்புமா கிண்டும் ரவையை அடுக்களையில் தேடுவார்கள். 'தோட்டாக்கூடு' என்றால்? தோட்டாவும் வடக்கிலிருந்து வந்ததுதான், சகித்துக்கொள்ளலாம். ஆக, கழல்கூடு, நிலைக்கூடு.

முன்னாள் ஏட்டு (திண்டுக்கல்):
இருபது வருஷம் த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ-என்ஃபீல்ட் ரைபிள், தூக்கினவன் சொல்றேன். அதில் மகசின் பத்து ரவுண்டு. விசைக்காப்புக்குள் ஒரு நாக்கு இருக்கும், அமுக்கினால் மகசின் கழன்று வரும். ஆனால் துடைக்கிற நாளைத் தவிர நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. தோட்டாக்களைக் கோத்த கிளிப்பை மேலிருந்து வைத்து ஐந்து ஐந்தாக அழுத்துவோம். ஆரம்பத்தில் வந்த லீ-என்ஃபீல்டில் மகசினைச் சங்கிலி போட்டே துப்பாக்கியோடு கட்டியிருந்தார்களாம். இது உங்கள் கழல்கூடா, நிலைக்கூடா?

கழல்கூடு எனக்குப் பிடிக்கவும் இல்லை. மணிக்கட்டு மெலிந்தால் வளை கழலும்; அது தானாக நடப்பது. மகசின் தானாகக் கழன்றால் அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்க்கும் ஆர்மரரிடம்தான் கொடுக்கணும்.

வகுப்புக்காரன்:
ஏட்டையா பிடித்தது சரியான பிடி. கழல் தன்வினை, கழற்று பிறவினை. போதாததற்கு வினைத்தொகை முக்காலமும் காட்டும்: கழன்ற கூடு, கழல்கின்ற கூடு, கழலும் கூடு. போன வருஷம் புதருக்குள் மகசினைத் தொலைத்துவிட்டு மாலைவரை ஒற்றைத் தோட்டா போட்டுத் திரிந்தவன் நான். எனக்கு அது கழன்ற கூடுதான்.

தஞ்சைப் புலவர்:
அப்படியானால் கழற்றுகூடு. அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் நிலைக்கூட்டுக்குப் 'பதிகூடு' இன்னும் பொருந்தும். கட்டையில் பதிந்தது அல்லவா?

யாழ்ப்பாணத்தவள்:
ரவையை ஏன் விட்டனீங்கள் எண்டு ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல.

முன்னாள் ஏட்டு:
இன்னொன்று. என் மருமகன் அமெரிக்காவிலிருந்து பிரவுனிங் ஏ-போல்ட் படம் அனுப்பினான். அதில் அடிமூடி கீலில் திறக்கிறது, மகசின் அந்த மூடியிலேயே தொங்குகிறது, அங்கிருந்து கழற்றவும் முடிகிறது. இதற்கு எந்தப் பெயர்?

வகுப்புக்காரன் (வியாழன், இரவு 11.40):
அதை இந்த வகுப்பில் யாரும் வைத்திருக்கவில்லை, விட்டுவிட்டேன். கோப்பை அனுப்பியாயிற்று. 'கழற்று மகசின்', 'உள் மகசின்' என்று போட்டு, பக்கத்தில் இரண்டுக்கும் படம். முதல் பக்கத்தில் ஒருமுறை ரவைக்கூடு என்றும் எழுதியிருக்கிறேன், அக்கா. மகசின் எதுவானாலும், வெளியே எடுத்த பிறகும் அறைக்குள் ஒன்று மிச்சம் இருக்கலாம், கண்ணால் பார்த்து விரலால் தொட்டுப் பார் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். கூடு பற்றி அடுத்த பதிப்பில் பேசுவோம்.

யாழ்ப்பாணத்தவள்:
ஒருமுறைதானே? சரி.

தஞ்சைப் புலவர்:
என் மறுப்பைப் பதிந்துவைக்கவும். எல்லா மகசினும் மாட்டியபின் உள்ளேதான் இருக்கிறது. 'உள்' என்பது எதையும் பிரித்துக் காட்டவில்லை. தவிர, 'கழற்றுமகசின்' வினைத்தொகை. நடுவில் இடம் விட்டு எழுதக் கூடாது.