ஒரே கார் சீட், மூன்று வண்டிகள்: எவ்வளவு இறுக்கினாலும் தளர்கிறது, தவறு எங்கே?

குட்டிப்பாப்பா_அம்மா

பாப்பாவுக்கு 10 மாதம். எடை 8.6 கிலோ, உயரம் 72 செ.மீ. எங்களிடம் இருப்பது 0-18 கிலோ சீட், ஆர்44/04 என்று ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. வண்டியில் உள்ள கம்பியில் நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது, வண்டி பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். இப்போது பின்பக்கம் பார்த்து வைத்திருக்கிறோம். இது மூன்று வண்டிகளில் மாறி மாறிப் போகிறது:

1. எங்கள் ஹேட்ச்பேக். காலையில் முழுபலத்தோடு இறுக்கினாலும் மாலைக்குள் சீட் இடவலமாக ஆடுகிறது. ரெக்ஸின் சீட் கவர் போட்டிருக்கிறோம்.

2. மாமனாரின் பழைய செடான். பெல்ட் நீளம் எட்ட மாட்டேன் என்கிறது. எட்டினாலும் பக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் போய் மடங்கி உட்காருகிறது.

3. ஊருக்குப் போகும்போது வாடகைக்கு எடுக்கும் ஏழு சீட் வண்டி. எந்த வரிசையில் வைப்பது?

கடையில் "9 கிலோ ஆனதும் முன்பக்கம் திருப்பிடலாம்மா" என்றார்கள். திருப்பலாமா?

---

நெம்புகோல்

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். திருப்ப வேண்டாம். ஆர்44 என்பது குழந்தை சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி. அதன்படி 9 கிலோ என்பது முன்பக்கம் திருப்ப அனுமதி தொடங்கும் எடை. திருப்பியே ஆக வேண்டிய எடை அல்ல. உங்கள் சீட்டின் ஸ்டிக்கரில் 0+ பிரிவு என்று இருந்தால் 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்தே வைக்கலாம். இதற்குப் பின் வந்த ஆர்129 (ஐ-சைஸ் என்று விற்பது) 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது. இந்த வயதில் தலை பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. நேருக்கு நேர் மோதினால், பின்பக்கம் பார்த்திருக்கும் குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். முன்பக்கம் பார்த்திருந்தால் உடம்பை ஹார்னஸ் (சீட்டின் வார்கள்) பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுதும் கழுத்தில் விழும். கால் பின்சீட்டில் இடிக்கிறது, மடங்குகிறது என்பதெல்லாம் திருப்பக் காரணம் ஆகாது. உச்சந்தலை ஓட்டின் மேல் விளிம்பை எட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது ஹேட்ச்பேக். நீங்கள் இறுக்குவதில் குறை இல்லை, இறுக்கியது நிற்கவில்லை. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களின் பின்சீட் பெல்ட், வண்டி திடீரென்று நிற்கும்போதோ பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கும்போதோ மட்டும்தான் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் தாராளமாக வெளியே வரும். ஒவ்வொரு வேகத்தடையிலும் சீட் கொஞ்சம் அசையும், அசையும்போதெல்லாம் பெல்ட் ஒரு நூல் வெளியே வரும். மாலையில் பார்த்தால் ஆட்டம்.

அதைத் தடுக்கத்தான் சீட்டில் லாக்-ஆஃப் இருக்கிறது, பெல்ட்டை நழுவாமல் பிடிக்கும் கவ்வி, பெரும்பாலும் சிவப்பு நிறம். பல மாடல்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். எதை மூட வேண்டும், அதற்குள் தோள் பெல்ட் மட்டும் போகுமா, இடுப்பு பெல்ட்டும் சேர்ந்து போகுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டையும் மூடினால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, 0-18 கிலோ சீட்டுகள் சிலவற்றில் அந்தக் கவ்வி முன்பக்கம் பார்த்து வைக்கும்போது மட்டும்தான் பயன்படும். பின்பக்கம் பார்த்தால் இடுப்பு பெல்ட் முன் பள்ளத்தில் போகும், தோள் பெல்ட் முதுகைச் சுற்றி நீலக் கொக்கியில் மாட்டும், அவ்வளவுதான். உங்களுடையது அந்த ரகம் என்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இழுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நிறத்தை மறக்காதீர்கள்: ஆர்44 சீட்டில் நீலம் பின்பக்கம் பார்ப்பதற்கு, சிவப்பு முன்பக்கம் பார்ப்பதற்கு. மாற்றி விட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

அடுத்தது அந்த ரெக்ஸின் கவர். அடியில் ஸ்பாஞ்ச் இருக்கும், மேலே வழுக்கும். கட்டும்போது ஸ்பாஞ்ச் பாதிதான் அமுங்கும், ஓட ஓட மீதியும் அமுங்கும், அந்த அளவுக்கு பெல்ட் தொளதொளக்கும். குழந்தை சீட் உட்காரும் இடத்தில் மட்டுமாவது கவரைக் கழற்றுங்கள். ஒரிஜினல் துணி அழுக்காகுமே என்றால் மெல்லிய பருத்தித் துண்டு ஒரே மடிப்பாகப் போதும், அதுவும் மேனுவல் தடுக்காவிட்டால்.

கட்டும் வரிசை:

முதலில் முன்சீட்டை நன்றாக முன்னால் தள்ளி இடம் எடுங்கள். பின்சீட்டின் முதுகு சரியாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். தனித்தனியாக மடங்கும் 60:40 சீட் பலவற்றில் பூட்டாவிட்டால் மேலே சிவப்புக் குறி தெரியும். சீட்டை வைத்து, பெல்ட்டை முறுக்கில்லாமல் விட்டு, பக்கிளில் 'கிளிக்' கேட்கும்வரை மாட்டுங்கள். ஒரு கையால் பெல்ட் போகும் இடத்துக்கு மேலேயே உடம்பு எடையைப் போட்டு அமுக்கிக்கொண்டு, முதலில் இடுப்பு பெல்ட்டின் தொய்வை எடுங்கள், பிறகு தோள் பெல்ட்டை இழுங்கள். தோள் பெல்ட்டை மட்டும் இழுத்தால் இடுப்புப் பகுதியில் தொய்வு தங்கிவிடும். அதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கவ்வி இருந்தால் கையை எடுக்காமலே மூடுங்கள்.

சோதனை: பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால், கைகுலுக்கும் பலத்தில் ஆட்டுங்கள். எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் தலைமாட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள். பின்பக்கம் பார்த்த சீட்டில் தலைமாடு ஆடத்தான் செய்யும்.

சாய்வையும் பாருங்கள். சீட்டின் பக்கவாட்டில் சாய்வுக் கோடு இருந்தால், சமதரையில் வண்டி நிற்கும்போது அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். செங்குத்தாகிவிட்டால் தூங்கும்போது தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்கும்.

---

பின்சீட்_பயணி

நெம்புகோல் சொன்னதோடு செடானையும் வாடகை வண்டியையும் சேர்க்கிறேன்.

பக்கிள் மடங்குவது சின்ன விஷயம் இல்லைங்க. பக்கிள் என்பது நேராக இழுபட மட்டும் செய்த சாமான். பிளாஸ்டிக் விளிம்பில் குறுக்கே உட்கார்ந்தால், மோதும் நேரத்தில் நெம்பு விழுந்து உடையலாம், திறந்துகொள்ளலாம். பக்கிள் முழுக்க விளிம்புக்குக் கீழேயே நிற்கணும், பள்ளத்துக்குள் பெல்ட் துணி மட்டும்தான் போகணும். பக்கிள் தண்டு நீளமாக இருக்கிற வண்டியில் இது வரும். முதலில் எதிர்ப்பக்க ஓரச் சீட்டில் வைத்துப் பாருங்க. ஒரே வண்டியிலேயே இரண்டு பக்கத் தண்டும் ஒரே நீளம் இருக்கணும் என்றில்லை. தண்டை முறுக்கிக் குட்டையாக்குவது, நடுவில் கட்டை சொருகுவது எல்லாம் வேண்டாம்.

நீளம் எட்டாததற்கும் அதே கதைதான். பின்பக்கம் பார்த்த சீட்டுக்கு பெல்ட் முதுகைச் சுற்றி வரணும், அதனால் முன்பக்கம் பார்ப்பதைவிட நிறைய பெல்ட் தின்னும். பெல்ட் நீட்டிப்பு என்று கடையில் ஒரு துண்டு விற்பார்கள், அதை மாட்டவே கூடாது. பெல்ட்டின் நடுவில் இன்னொரு பக்கிள் வந்து, அது சரியாகச் சீட்டின் விளிம்பில் உட்காரும். எந்தப் பக்கம் வைத்தாலும் எட்டாவிட்டால் அந்த வண்டிக்கு அந்தச் சீட் பொருந்தாது, அத்தோடு விட்டுடுங்க. நடுச்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் அங்கேயும் இது உட்காராது. உங்கள் சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் வேண்டும்.

வண்டியின் மேனுவலில் ஒரு அட்டவணை இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. எந்த இருக்கையில் எந்தப் பிரிவு சீட் வைக்கலாம் என்று எழுத்தால் குறித்திருப்பார்கள். 'யு' இருந்தால் அந்தப் பிரிவில் பெல்ட்டால் கட்டும் யுனிவர்சல் சீட் எதுவும் வைக்கலாம். 'யுஎஃப்' என்றால் முன்பக்கம் பார்க்கும் சீட் மட்டும். 'எக்ஸ்' என்றால் அந்த இடத்தில் அந்தப் பிரிவு சீட் கூடாது. வண்டியை மோதவிட்டுச் சோதிக்கும் பாரத் என்கேப் தரும் நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். குழந்தைக்கான 49 புள்ளியில் எத்தனை வாங்கியிருந்தாலும், அது சோதனையில் வைத்த சீட்டுக்கு வாங்கிய மார்க்கு.

ஏழு சீட் வண்டியில் இரண்டாம் வரிசை ஓரம். மூன்றாம் வரிசை பின்கதவை ஒட்டி இருக்கும், பின்னாலிருந்து இடித்தால் முதல் அடி அங்கேதான். அதுக்குள் குனிந்து சீட்டை இறுக்கவும் முடியாது. இரண்டாம் வரிசை முன்னும் பின்னும் நகரும் ரகம் என்றால், நகர்த்திப் பூட்டி, முதுகுச் சாய்வையும் முடிவு பண்ணிவிட்டு அப்புறம் கட்டுங்க. கட்டினபிறகு யாராவது "கொஞ்சம் சாய்ச்சுக்கிறேன்" என்று நெம்பினால் மொத்தமும் தளர்ந்துவிடும். மூன்றாம் வரிசைக்கு ஆள் ஏற எந்தப் பக்கச் சீட் மடங்குமோ அந்தப் பக்கம் வேண்டாம். ஆபத்து நேரத்தில் பின்னால் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பொலேரோ மாதிரி வண்டியில் கடைசியில் பக்கவாட்டில் பார்த்து இருக்கும் இருக்கையில் எந்தக் குழந்தை சீட்டும் கூடாது.

வாடகை வண்டி புக் பண்ணும்போதே "இரண்டாம் வரிசை பக்கிள் சீட் கவருக்கு வெளியே இருக்கணும்" என்று சொல்லிடுங்க. நிறைய வண்டியில் பக்கிளைக் கவருக்கு அடியில் தள்ளித் தைத்திருப்பார்கள். விடிகாலை 4 மணிக்கு வாசலில் வந்து நின்றபின் பேசினால் நடக்காது. சில வண்டியில் அலாரம் கத்தாமல் இருக்கப் பக்கிளில் போலி நாக்கு சொருகியிருப்பார்கள், அதையும் எடுக்கச் சொல்லுங்க.

முன்சீட்டில், ஏர்பேக் வேலை செய்யும் இடத்தில், பின்பக்கம் பார்த்த சீட் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிகிற வேகத்தில் ஓட்டின் முதுகில் அறையும், குழந்தையின் தலை அதுக்கு நேர் பின்னால்தான் இருக்கும்.

---

குட்டிப்பாப்பா_அம்மா

கவரைக் கழற்றிவிட்டுக் கட்டினோம், 1 செ.மீ. கூட நகரவில்லை. மேனுவலையும் பார்த்தேன், கவ்வி முன்பக்கம் பார்ப்பதற்கு மட்டும்தான். செடானில் எந்தப் பக்கமும் சரிப்படவில்லை. அந்த வண்டிக்குத் தனியாக ஒன்று வேண்டும். நாத்தனார் அமெரிக்காவிலிருந்து வரும்போது அங்கிருந்து ஒன்று கொண்டுவரவா என்கிறார். வாங்கச் சொல்லலாமா?

---

மூன்றாம்_கியர்

பழைய செடானுக்கு என்றால் வேண்டாம்.

அமெரிக்க வண்டிகளின் பின்சீட் பெல்ட்டில் ஒரு வசதி உண்டு. பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டால் பிறகு உள்ளே மட்டும்தான் போகும், 'டிக் டிக்' சத்தத்தோடு பூட்டிக்கொண்டே வரும். அங்கத்திய சீட்டுகள் பல இதை நம்பியே செய்தவை, கவ்வி இருக்காது. மாமனார் வண்டியில் பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுத்து, கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். தாராளமாக வெளியே வந்தால் அந்த வசதி இல்லை. சில சீட்டோடு 'எச்' வடிவ இரும்புக் கிளிப் ஒன்று தருவார்கள். பக்கிள் நாக்கிலிருந்து 2.5 செ.மீ.க்குள், இடுப்பு பெல்ட்டையும் தோள் பெல்ட்டையும் சேர்த்து அதில் கோக்க வேண்டும். செய்யலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சரியாக வர வேண்டுமே. கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் கிளிப் வளைந்துவிடும்.

ஐசோஃபிக்ஸ் கம்பி உள்ள வண்டி என்றால் கதை வேறு. 6 மி.மீ. தடிமனில் இரண்டு கம்பிகள், நடுவிலிருந்து நடுவுக்கு 280 மி.மீ. இடைவெளி. அமெரிக்கக் கொக்கியும் அதில் மாட்டும். ஆனால் இரண்டு ஓரச் சீட்டின் உள்பக்கக் கம்பிகளை எடுத்து நடுச்சீட்டுக்கு மாட்டாதீர்கள், இடைவெளி பொருந்தாது. இங்கே வாங்குவதானால் ஏஐஎஸ்-072 (குழந்தை சீட்டுக்கான இந்தியத் தரம்) அல்லது ஆர்44, ஆர்129 முத்திரை பாருங்கள், வாங்கும் முன் கடைக்காரரையே வண்டியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். செடானுக்கு பெல்ட் குறைவாகத் தின்னும் மாடலாகப் பாருங்கள், அதாவது இடுப்பு, தோள் இரண்டும் ஒரே பள்ளத்தில் போவது, பின்பக்கம் பார்க்கும்போதும் கவ்வி வேலை செய்வது.

பின்னாளில் முன்பக்கம் திருப்பும்போது டாப் டெதர், அதாவது சீட்டின் மேல்பகுதியை வண்டியோடு பிணைக்கும் பட்டை பற்றி ஒரு வார்த்தை. நங்கூரக் குறி உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். செடானில் பின்கண்ணாடிக்குக் கீழே மூடிக்கு அடியில் இருக்கும். ஹேட்ச்பேக்கில் சீட்டின் முதுகிலோ டிக்கி தரையிலோ இருக்கும். டிக்கியில் சாமான் கட்டும் வளையத்தில் மாட்டுபவர்கள் நிறைய, அது மோதும் விசைக்குச் செய்ததல்ல. சிஎன்ஜி சிலிண்டர் வைத்த வண்டியில் தரைக் கொக்கி மறைந்துவிடும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வெயில்_ஊர்

எல்லாரும் சீட்டை வண்டியோடு கட்டுவதையே பேசுகிறீர்கள், பாப்பாவைச் சீட்டோடு கட்டுவதையும் சொல்லிவிடலாம்.

பின்பக்கம் பார்க்கும்போது தோள்வார் வரும் துளை, தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்கணும். முன்பக்கம் திருப்பினால் நேராகவோ சற்று மேலாகவோ. மாட்டியபின் தோளெலும்பு மேல் வாரை இரண்டு விரலால் நெடுக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் தொய்வு இருக்கிறது. ஸ்வெட்டர், துவாலை, போர்வை எதுவும் வாருக்கு அடியில் கூடாது. ஏசி குளிர் என்றால் மாட்டிவிட்டு மேலே போர்த்துங்கள்.

நம் வெயிலில் நிறுத்திவைத்த வண்டியில் பக்கிளின் இரும்பு நாக்கு தோலைச் சுட்டுவிடும். இறங்கும்போது சீட் மேல் வெள்ளைத் துண்டு போடுங்கள், ஏறும்போது முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். வாரைச் சோப்புத் தூளில் ஊறவைக்காதீர்கள், நூல் வலு குறையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பக்கிளுக்குள் பிஸ்கட் தூள் போய் 'கிளிக்' வராவிட்டால் எண்ணெய் விடாதீர்கள். மேனுவல் அனுமதித்தால் பக்கிளைக் கழற்றி வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள்.