தலைகுந்தா வீடு குரூப்: கமாண்டர் கெளம்புமா?

மாலை 5:41
செல்வி: அண்ணா, சீர் வண்டி எத்தனை மணிக்குக் கெளம்புது? நாளைக்கு மீனா கல்யாண முகூர்த்தம் காலைல 6 - 7.30. மாப்பிள்ளை வீட்ல கேட்டுட்டே இருக்காங்க
மணி: ராத்திரி 2.30
செல்வி: எந்த வண்டி
மணி: நம்ம கமாண்டர் ஜீப்தான்
செல்வி: காதுகுத்துக்கு வந்த அதே கமாண்டரா
மணி: ஆரம்பிச்சிட்டியா
லதா: 😂
பிரகாஷ்: அத்தை, காலைல புல்லெல்லாம் உப்பு கொட்டின மாதிரி உறைபனி. நாலாவது தடவைதான் வண்டி எடுத்துச்சு. ஷெட்டு பூரா வெள்ளைப் புகை
ராஜு: ஹீட்டர் எவ்வளவு நேரம் போட்டே
பிரகாஷ்: லைட் அணையற வரைக்கும் சித்தப்பா
ராஜு: அந்த லைட்ட நம்பாத. அது டைமர் கணக்குக்கு அணையும். ஹீட்டர் பிளக் செவந்துச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. நாலுல ரெண்டு செத்தாலும் லைட் ஒழுங்கா அணையும். நம்ம கமாண்டரோட பெஜோ இன்ஜின்ல டீசல் நேரா பிஸ்டன் தலையில அடிக்காது, ஹெட்ல இருக்கிற சின்ன அறைக்குள்ள அடிக்கும். அறை சில்லுன்னு கெடந்தா, அமுக்கின காத்தோட சூட்டை அந்தச் சுவரே குடிச்சிரும். அந்த அறையைச் சூடாக்கத்தான் பிளக். முனை 800 டிகிரிக்கு மேல போகணும். உயரம் வேற இருக்கு. ஊட்டி 2240 மீட்டர், கீழ்நாட்டுல இருக்கிற காத்துல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான் இங்க சிலிண்டருக்குள்ள போகுது. அதை என்ன அமுக்கினாலும் சூடு அந்தளவுக்கு ஏறாது. மேட்டுப்பாளையத்துல ஒரு பிளக் செத்தா தெரியவே தெரியாது. தலைகுந்தால தெரிஞ்சிரும்
மணி: சுருக்கமா சொல்றா
லதா: சுருக்கமா சொன்னா அது அவரில்லீங்க மாமா

மாலை 5:52
கார்த்தி: இங்க எல்லா கார்லயும் முன்னாடி ஒரு வயர் தொங்கும் பெரியப்பா. பிளாக் ஹீட்டர். 400 வாட்லேருந்து 1000 வாட் வரைக்கும் இருக்கு. கூலன்ட்டையே சூடாக்கும். ராத்திரி செவுத்துல சொருகிட்டுத் தூங்க வேண்டியதுதான். ஆபீஸ் பார்க்கிங்லயும் பிளக் பாயின்ட் இருக்கும்
லதா: கார்த்தி, அங்க விடிகாலைதானே, தூங்கலயா. குல்லா போட்டுக்கோ
கார்த்தி: மைனஸ் 22 மா. போட்டுத்தான் இருக்கேன்
மணி: இங்க ஷெட்ல பல்பே எரியல, ஹீட்டர் சொருகறானாம்
ராஜு: நமக்கு அதெல்லாம் வேண்டாம். இங்க ராத்திரி 0, ரொம்பப் போனா அதுக்கு ஒண்ணு ரெண்டு கீழ. பிளக்கும் பேட்டரியும் ஒழுங்கா இருந்தா போதும். பிரகாஷ், வெளிச்சம் இருக்கும்போதே பாத்துரு. முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டு. நாலு பிளக் தலையையும் சேத்து ஒரு பட்டை ஓடும், அதோட நட்டுங்களைக் கழட்டி டப்பால போடு, கீழ உழுந்தா இருட்டுல கெடைக்காது. பட்டையை எடுத்த பிறகு மைனஸைத் திரும்ப மாட்டு. இண்டிகேட்டர் பல்புல ரெண்டு வயர் கட்டி, ஒண்ணை பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணை பிளக் தலையில வை. எரிஞ்சா பிளக் உசுரோட இருக்கு. எரியலன்னா உள்ள கம்பி அறுந்துருச்சு
பிரகாஷ்: சரி சித்தப்பா
மீனா: மாமா நான் மருதாணிக் கையோட மூக்காலதான் ஸ்க்ரோல் பண்றேன். கொஞ்சம் சின்னதா போடுங்க 🙏

மாலை 6:20
பிரகாஷ்: 1, 2, 4 எரியுது. 3 எரியல
ராஜு: நினைச்சேன். பட்டையில பச்சை பூத்திருக்கா
பிரகாஷ்: ஆமா ரெண்டு எடத்துல
ராஜு: உப்புத்தாள் போட்டுத் தேய். ஒரு பிளக் 10லேருந்து 15 ஆம்பியர் இழுக்கும், நாலும் சேந்தா 50க்குப் பக்கம். அவ்வளவு கரண்ட் பச்சை பூத்த நட்டு வழியா எப்படிப் போகும்? சூடு பிளக்ல ஏறாது, நட்டுலதான் ஏறும்
மணி: புது பிளக் ஊட்டில கெடைக்குமா இந்நேரத்துக்கு
பிரகாஷ்: கடைக்குப் போன் போட்டேன். இருக்காம், ஆனா வேற கம்பெனியாம்
ராஜு: கம்பெனி எதுவா இருந்தாலும் பரவாயில்ல, நம்பரைப் பாரு. பழசு மெதுவா சூடாகற வகை. வேகமா சூடாகறதை அது கூட ஒண்ணு மட்டும் போட்டா, மத்த மூணு செவக்கறதுக்குள்ள அது எரிஞ்சிரும். அப்புறம், சில்லுன்னு இருக்கும்போது திருகாத. முனை உள்ளேயே முறிஞ்சா ஹெட்டைக் கழட்டணும், கல்யாணத்தை மறந்துரலாம். கால் மணி நேரம் வண்டி ஓடி வெதுவெதுன்னு இருக்கும்போது எடு. புதுசை ஸ்பேனர்ல தொங்கி முறுக்காத
செல்வி: ஒரு வேன் சொல்லிரட்டுமா? நம்ம தெருவுல ஒருத்தர் வெச்சிருக்காரு
மணி: தாய்மாமன் சீர் வாடகை வேன்லயா
செல்வி: வந்து சேந்தா போதும்ணா. காதுகுத்துல தட்டே 9 மணிக்குத்தான் வந்துச்சு, மாமியார் இன்னும் சொல்லிக் காட்டறாங்க
மணி: அன்னிக்கு பேட்டரி. வண்டி மேல தப்பில்ல
ராஜு: பேட்டரிக்கு இப்ப எவ்வளவு காட்டுது
பிரகாஷ்: 12.3 வோல்ட்
ராஜு: பாதிக்குக் கொஞ்சம் மேல. இதுலயே 0 டிகிரியில இன்ஜினைச் சுத்தற பலம் மூணுல ஒரு பங்கு போயிரும். ஆயிலும் கெட்டியாகி மோட்டாரை இழுத்துப் புடிக்கும். கரண்ட் பிளக்குக்குப் போனா சுத்த இருக்காது, சுத்தினா பிளக்குக்கு இருக்காது. சார்ஜர்ல போட்டு 12.6க்குக் கொண்டு வா. அப்புறம் வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்து வெச்சுக்கோ, தரையில வெறும்னே வெக்காம சாக்கு மேல வை. சார்ஜ் ஏறும்போது மட்டும் அடுப்புக் கிட்ட வேண்டாம், கேஸ் வரும்
சாந்தி: வீட்டுக்குள்ளயா. எந்த ரூம்ல

இரவு 7:05
மணி: அப்பா காலத்துல கரிக் குமுட்டியை ஆயில் சம்புக்கு அடியில வெச்சுத்தானே எடுப்பாரு
ராஜு: அண்ணே, அது அப்போ. இப்ப அந்தச் சம்பு ஒழுகுது. பக்கத்துலயே டீசல் பைப், வயர். ஷெட்டு மரம். உள்ள பட்டுப்புடவை. வேண்டவே வேண்டாம்
பிரகாஷ்: கடையில ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே இருக்குன்னாங்க
ராஜு: ஹீட்டர் பிளக் இருக்கிற இன்ஜின்ல அதை அடிக்கவே கூடாது. செவந்த முனையில பட்டு, பிஸ்டன் மேல வர்றதுக்குள்ளயே வெடிக்கும். ரிங் போகும், பிஸ்டனே ஓட்டையாகும்
மணி: மண்ணெண்ணெய் ரெண்டு லிட்டர்?
ராஜு: டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெயில வழவழப்பு கெடையாது, பம்பைத் தின்னுரும். ரேஷன் எண்ணெய்ன்னா நீலக் கலரே காட்டிக் கொடுத்துரும். அதை விடுங்க, ரேடியேட்டர்ல என்ன இருக்கு
மணி: தண்ணி
ராஜு: வெறும் தண்ணியா???
மணி: நீதானே போன மாசம் ஹோஸ் மாத்தினே
ராஜு: கூலன்ட் வாங்கி ஊத்தச் சொல்லிட்டுத்தானே வந்தேன். தண்ணி ஐஸானா பத்துல ஒரு பங்கு பெருக்கும். ரேடியேட்டர் குழாய் பொளந்துரும்
சாந்தி: சொன்னாரு. நான் சாட்சி
ராஜு: சரி, இதுலயே ஒரு நல்லதும் இருக்கு. ராத்திரி தண்ணியை எறக்கிருங்க. கார்த்தி சொன்ன பிளாக் ஹீட்டர் வேலையை வெந்நீர் பண்ணும். குழாய் ரெண்டு இருக்கு. ரேடியேட்டர் அடியில ஒண்ணு, பிளாக் பக்கத்துல ஒண்ணு, ரெண்டையும் தெறக்கணும். எறக்கின உடனே ஸ்டியரிங்ல "தண்ணி இல்ல"ன்னு அட்டை கட்டித் தொங்க விடு. 2 மணிக்குக் குழாயை மூடிட்டு, 60 டிகிரி வெந்நீரை மெதுவா ஊத்து. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா ஹெட் விரிசல் விடும். டீசல் பம்ப் மேல வெந்நீர் ஒரு சொட்டு படக்கூடாது, உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு, இறுகிக்கும். பத்து நிமிஷம் அப்படியே விடு
சாந்தி: எத்தனை லிட்டர்
ராஜு: பத்துக்கு மேல காச்சி வைங்க அண்ணி
சாந்தி: பாய்லர்ல ஆறு பேர் குளிக்கணும். வண்டி முதல்ல குளிக்கட்டும், நாங்க காரமடையில பாத்துக்கறோம்
லதா: 😂😂
மீனா: அத்தை குளிச்சிட்டு வாங்க ப்ளீஸ். போட்டோ இருக்கு

இரவு 8:48
பிரகாஷ்: பிளக் மாத்தியாச்சு. நாலும் எரியுது
ராஜு: நல்லது. எடுக்கும்போது எல்லா லைட்டும் ஆஃப். ஸ்டாப் நாப் உள்ள போயிருக்கான்னு பாரு, அது வெளிய நின்னா விடியற வரைக்கும் சுத்தினாலும் டீசல் வராது. ஹீட்டர் 20 செகண்ட், லைட்ட பாக்காத, எண்ணு. கிளட்சை முழுசா மிதி, கியர்பாக்ஸ் ஆயில் இழுக்காது. ஆக்சிலேட்டர் பாதி. 10 செகண்டுக்கு மேல சுத்தாத. எடுக்கலன்னா ஒரு நிமிஷம் விட்டு திரும்பவும் ஹீட்டர்லேருந்து ஆரம்பி. எடுத்ததும் ரேஸ் பண்ணாத, ஆயில் லைட் அணையட்டும். வெள்ளைப் புகை ஒரு நிமிஷம் வரும், வரட்டும்
மணி: எடுக்கலன்னா ரோட்டு எறக்கத்துல விட்டு ரெண்டாவது கியர்ல போட்டுக்கறோம்
ராஜு: சீர் ஏத்தின வண்டியை உருட்டாதீங்கண்ணே. இன்ஜின் ஓடாம பிரேக் கல்லு மாதிரி நிக்கும், வேக்குவம் இல்ல. ஆளை எறக்கிட்டு, வெறும் வண்டியா, ஹீட்டர் போட்டுத்தான் உருட்டணும். இன்னிக்கு ஹேண்ட் பிரேக்கும் போடாதீங்க, ஈரத்துல ஒட்டிக்கும். கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு குடுங்க
செல்வி: அண்ணா, வேனுக்கு என்ன சொல்ல? அவரு தூங்கப் போறாராம்
மணி: பலகாரத் தட்டு 11ஆ 13ஆ முதல்ல அதைச் சொல்லு
செல்வி: 11னுதானே பேசினோம்
சாந்தி: 13 கட்டியாச்சு
செல்வி: அண்ணி!!

இரவு 10:16
பிரகாஷ்: தண்ணி எறக்கியாச்சு. அட்டை கட்டியாச்சு. பேட்டரி பூஜை ரூம்ல
ராஜு: பிளாக் குழாயுமா
பிரகாஷ்: அது தெறக்குது, ஆனா ஒண்ணும் வரல
ராஜு: அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்து, தொரு வரும், அப்புறம் தண்ணி வரும்
பிரகாஷ்: வந்துருச்சு. ஷர்ட் பூரா
செல்வி: வேன்காரர் 500 அட்வான்ஸ் கேக்கறாரு. போடவா வேண்டாமா
லதா: நாங்க 3.30க்கு எங்க நிக்கட்டும்? குன்னூர் பஸ் ஸ்டாண்டா பெட்ஃபோர்டா?
கார்த்தி: எடுத்ததும் வீடியோ போடு பிரகாஷ், இங்க மத்தியானமா இருக்கும்
செல்வி: அண்ணா?
செல்வி: தூங்கிட்டாரா