அந்த லாட்டுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை

2023இல் படிப்பை முடித்த கையோடு மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சிப் அசெம்பிளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் புரோசஸ் இன்ஜினியராகச் சேர்ந்தேன். வீடு பிறையில், தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். என் பொறுப்பு வயர் பாண்டிங். 25 மைக்ரான் தங்கக் கம்பி, தலைமுடியைவிட மெல்லிசு, அதைச் சிப்பில் ஒட்டவைக்கும் வேலை.

சேர்ந்து நாலு மாதம் இருக்கும். அன்று சாயங்காலமே ஒரு லாட், அதாவது ஒன்றாகச் செய்த ஒரு தொகுதிச் சிப்புகள், கப்பலுக்குப் போக வேண்டும். கம்பியில் கொக்கி மாட்டி இழுத்து எத்தனை கிராமில் விடுகிறது என்று பார்க்கிற புல் டெஸ்டில் எல்லா எண்ணும் வரம்புக்கு மேலேதான் இருந்தது, நான் பேனாவை எடுத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த லைனில் இருக்கும் ஆபரேட்டர் அக்கா பக்கத்தில் வந்து, "நம்பர் கிடக்கட்டும் பாப்பா, எங்க விட்டிருக்குன்னு பாத்தியா?" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கம்பி நடுவிலோ கழுத்திலோ அறுந்திருந்தால் சரி. இதில் மூன்று இடத்தில் கம்பி அறுபடவே இல்லை, நுனியில் இருந்த உருண்டை அப்படியே பெயர்ந்து வந்திருந்தது, அடியில் ஒட்டின தடமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சீனியர் வந்து, "நம்பர் பாஸ்தானே, சைன் பண்ணு, லாரி நிக்குது" என்றார். முடியாது சார் என்று ஹோல்ட் போட்டு லாட்டை நிறுத்திவைத்தேன். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், கழிவறையில் போய் அழுதேன்.

அப்புறம் அக்காவின் சின்ன நோட்டுப் புத்தகம்தான் கைகொடுத்தது. எந்த மெஷின் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று மணியோடு எழுதி வைத்திருந்தார். பிளாஸ்மா என்கிற மின்னூட்டிய வாயுவில் சுத்தம் செய்த சிப் டிரேக்களைக் குறித்த நேரத்துக்குள் பாண்டிங்குக்கு ஏற்ற வேண்டும். மெஷின் பழுதான அன்று அவை ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்திருக்கின்றன, மேலே மறுபடி அழுக்குப் படிந்திருக்கிறது. கணினியில் அந்த இடைவெளி எங்கேயும் தெரியவில்லை. லாட் போகவில்லை, சீனியரும் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று வீடு திரும்ப நள்ளிரவு. ஓவர்டைம் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தால் அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஓவர்டைம் உண்டு. ஆஃபர் கடிதத்தில் எக்ஸிகியூட்டிவ் என்று போட்டிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், வேலைவாய்ப்புச் சட்டத்தில் பெயர் கணக்கில்லை, சம்பளம்தான் கணக்கு.

அடுத்த வருடம் கோலாலம்பூரில் சேல்ஸ் இன்ஜினியர் வேலை வந்தது, 900 வெள்ளி கூட. பிடிபிடிஎன் படிப்புக் கடன் இருக்கிறது, அப்பா போகச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அங்கே போனால் மெஷினைத் தொடப்போவதில்லை, அக்கா மாதிரி ஒருவர் பக்கத்தில் நிற்கப்போவதும் இல்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கேதான் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. பசியாறும்போது மட்டும் பேசுகிறார்.