90 கிலோ மினி குதிரைக்கு அடர்தீவன மூட்டை வாங்கலாமா?

வியாசர்பாடி34:
மினியேச்சர் பெண் குதிரை, 34 அங்குல உயரம், 5 வயசு, சினை இல்லை. இரும்புக்கடை எடைமேடையில் 90 கிலோ காட்டுது. தினமும் 2 கிலோ கோ-4 (கம்பு நேப்பியர் ரகம்) பசும்புல், அரை கிலோ வைக்கோல், கால் கிலோ கோதுமைத் தவிடு போகுது. முதுகெலும்பு தெரியுது, வயிறு மட்டும் தொங்குது. ரேஸ் குதிரைக்குப் போடுற பெல்லட் அடர்தீவன மூட்டை வாங்குன்னு ஒருத்தர் சொல்றாரு, அதைத் தொடவே தொடாதேன்னு இன்னொருத்தர். அளவோட சொல்லுங்க.

பெரம்பூர் லாயம்:
மூட்டை வேண்டாம். முதல்ல புல் கணக்கைப் பாருங்க. பசுங்கோ-4ல நூத்துக்கு எண்பது பங்கு தண்ணி. 2 கிலோ போட்டா உலர்ந்த கணக்குல வெறும் 400 கிராம். வைக்கோல், தவிடு எல்லாம் சேர்த்தாலும் 1 கிலோ சொச்சம்தான். 90 கிலோ உடம்புக்கு எடையில 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 1.35 முதல் 1.8 கிலோ உலர்பொருள் உள்ள போகணும். முதுகு ஒட்டிப்போய் வயிறு தொங்குறதைப் பார்த்து சிலர் கொழுத்துட்டுதுன்னு இன்னும் குறைப்பாங்க. அது பெரும்பாலும் வைக்கோல் வயிறு. புரதம் பத்தல, மட்டமான நார் குடல்ல தங்குது. கூடவே பூச்சி இருக்கான்னு சாணியையும் ஒருதரம் சோதிச்சுடுங்க.

ரேஸ் பெல்லட் மூட்டையில 'ஒரு நாளைக்கு குறைந்தது 2 கிலோ'ன்னு போட்டிருந்தா அது 450 கிலோ குதிரைக்கு. அதே விகிதத்துல உங்களுக்கு 400 கிராம், 1.2 மெகா கலோரி. சும்மா நிக்கிற 90 கிலோ குதிரைக்கு நாள் முழுக்கவே 3 மெகா கலோரி போதும். 1 கிலோ காய்ஞ்ச அருகம்புல், 600 கிராம் காய்ஞ்ச குதிரைமசால் (லூசர்ன்) போட்டீங்கன்னா அந்த 3 வந்துடும். புரதத் தேவை 113 கிராம், இதுல 170 கிடைக்கும். மூட்டைக்கு இடமே இல்லை. அதுக்கு மேல போடுறது கழுத்து மேட்டுல கொழுப்பா ஏறும், அப்புறம் லாமினைட்டிஸ்ல, அதாவது குளம்பு அழற்சியில, கொண்டுபோய் நிறுத்தும்.

மாதவரம் அடர்தீவனம்:
கலோரியும் புரதமும் நீங்க சொல்றது சரி. ஆனா கணக்கைப் பாதியில நிறுத்திட்டீங்க. 90 கிலோவுக்கு தினம் தாமிரம் 18 மில்லிகிராம், துத்தநாகம் 72 மில்லிகிராம், வைட்டமின் ஈ 90 யூனிட் வேணும். காய்ஞ்ச புல்லுல தாமிரம் கிலோவுக்கு 5 முதல் 8 மில்லிகிராம்தான். 1.6 கிலோ தின்னாலும் 13ஐத் தாண்டாது. துத்தநாகம் பாதிகிட்ட நிக்கும். வைட்டமின் ஈ புல் காயும்போதே போயிடும். கீறல் விடுற குளம்பும், செம்பட்டையாகுற கறுப்பு முடியும் இந்தக் குறையிலயும் வரும்.

ரேஸ் மூட்டையை நானும் ஆதரிக்கல. முழு அளவு போட்டா கலோரி மிஞ்சும், ஒரு பிடியாக் குறைச்சா தாது உப்பு பத்தாது. பெரிய குதிரைக்குன்னு செஞ்ச தீவனம் மினிக்கு எப்படிப் போட்டாலும் இடிக்கும். நான் சொல்றது பேலன்சர் ரகம். புரதம் 25 முதல் 30 சதவீதம், மாவுச்சத்து குறைவு, தாது உப்பு நெருக்கமா இருக்கும். 100 கிலோவுக்கு 100 கிராம் அளவுல போடுற மாதிரி செஞ்சது. 90 கிராம்ல கலோரி கால் மெகாதான். அதையும் ஆகாதுன்னு ஒதுக்குறது நியாயமில்லை.

பெரம்பூர் லாயம்:
காகிதத்துல நியாயம்தான். ஆனா கடையில 'அடர்தீவனம்'னு கேட்டா கையில வர்றது மாட்டுத்தீவனம். சில மாட்டுத்தீவனத்துலயும் பிராய்லர் தீவனத்துலயும் மோனென்சின், சாலினோமைசின்னு மருந்து கலந்திருக்கும். குதிரைக்கு அது இதயத்தசையை அழிக்கிற விஷம், மாற்று மருந்து கிடையாது. மோனென்சின் ஒரு கிலோ உடல் எடைக்கு 2, 3 மில்லிகிராமே கொல்லப் போதும். கடைக்காரர் கோழித்தீவனம் அள்ளின அதே டப்பாவுல குதிரைக்கும் அள்ளிப் போடுவாரு, அதுவே ஆபத்து. தையல் பிரிக்காத மூட்டை, லேபிள்ல குதிரைன்னு எழுதியிருந்தா மட்டும் பேசுங்க. அது கிடைக்கலன்னா குதிரைக்கான தாதுக் கலவைப் பொடியை லேபிள் அளவுல நனைச்ச குதிரைமசால்ல பிசைஞ்சு குடுத்தாலே நீங்க சொன்ன தாமிரமும் துத்தநாகமும் வந்துடும்.

மாதவரம் அடர்தீவனம்:
மோனென்சின் விஷயத்துல ஒரு எழுத்தும் மறுக்க மாட்டேன். பொடி மட்டும் போதும்னு சொல்றதைத்தான் மறுக்கிறேன். சினையோட கடைசி மூணு மாசம், பால் குடுக்கிற தாய், பல் தேய்ஞ்ச கிழக்குதிரை, இவங்களால தேவையான அளவு புல்லைத் தின்ன முடியாது. அப்போ அடர்தீவனம் இல்லாம முடியாது. மினியில இன்னொரு பெரிய ஆபத்தும் இருக்கு. ஒரு நாள் தீனி எடுக்காம இருந்தாலே உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல வெள்ளமா இறங்கலாம். ஹைப்பர்லிபீமியான்னு பேரு. ரத்தம் எடுத்து வெச்சா மேல நிக்கிற நீர் பால் மாதிரி கலங்கியிருக்கும். ஈரல் கெட்டு சில நாள்லயே செத்துப்போகலாம். கொழுத்த மினியைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கிறவங்க, லாமினைட்டிஸ் வந்துட்டுதுன்னு தீனியையே நிறுத்துறவங்க, எல்லாரும் இதைப் படிக்கணும். எவ்வளவு குறைச்சாலும் உடல் எடையில 1.25 சதவீதத்துக்குக் கீழ போகவே கூடாது. தீனியை முகர்ந்துட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டா மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

ராயபுரம் லாடம்:
ரெண்டு பேரும் தவிட்டை விட்டுட்டீங்க. எனக்கு அதுதான் பயம். கால் கிலோ கோதுமைத் தவிட்டுல பாஸ்பரஸ் 2.7 கிராம், கால்சியம் 0.3 கிராம்தான். கோ-4லயும் வைக்கோல்லயும் ஆக்சலேட் இருக்கு, அது இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுடும். அப்போ உடம்பு எலும்புல இருந்து கால்சியத்தை உருவும். முகத்தோட ரெண்டு பக்கமும், கண்ணுக்குக் கீழே, மேடு தட்டும், பல் ஆடும், இன்னைக்கு ஒரு காலும் நாளைக்கு இன்னொரு காலும் நொண்டும். செங்குன்றம் ரைஸ் மில் அரிசித் தவிடும் இதே கதைதான், எண்ணெய் வேற சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தவிட்டை விடவே முடியலன்னா 250 கிராமுக்கு 10 கிராம் சுண்ணாம்புக்கல் பொடி சேருங்க. தீவனத்துக்குன்னு விக்கிற கால்சியம் கார்பனேட், வெத்தலைச் சுண்ணாம்பு இல்லை.

இன்னொண்ணு. ஆட்டுக்குன்னு விக்கிற சூபாபுல் தழையை இதுக்குப் போட்டுடாதீங்க. பிடரி முடி, வால் முடி கொட்டும், குளம்பும் கெடும்.

வியாசர்பாடி34:
அண்ணா, கொள்ளு அவிச்சுப் போடலாமா? அப்புறம் இந்தத் தீனியை எப்படி மாத்துறது?

பெரம்பூர் லாயம்:
கொள்ளுல புரதம் 22 சதவீதம், ஆனா மாவுச்சத்தும் அதிகம். வேலை செய்யாத மினிக்கு அது தேவையில்லை. எடை ஏறணும்னா அவிச்சு ஆறவெச்சு நாளைக்கு ஒரு வேளை மட்டும் 50 கிராம், அதோட சரி. பச்சையாப் போடாதீங்க, செரிக்காது.

மாத்துறதை 10 நாளா இழுங்க. முதல் மூணு நாள் வைக்கோல்ல கால் பங்கு குறைச்சு அதுக்குக் காய்ஞ்ச அருகம்புல். தவிட்டை ரெண்டு நாளைக்கு ஒருதரம் 50 கிராம் இறக்குங்க. குதிரைமசாலை 100 கிராம்ல ஆரம்பிச்சு ஏத்துங்க. மொத்தத் தீனியை நாலு வேளையாப் பிரிங்க, ராத்திரி கடைசி வேளை பெருசா இருக்கட்டும். கல்லுப்பு தினம் 10 கிராம். தண்ணி 5 லிட்டருக்குக் குறையக் கூடாது, ஏப்ரல் மே வெயில்ல அதைப்போல ரெண்டு மடங்கு குடிக்கும்.

ராயபுரம் லாடம்:
தரையில கொட்டாதீங்க. கடற்கரைப் பக்கம் காசிமேடு, திருவொற்றியூர்னா ரொம்ப முக்கியம். புல்லோட மணலும் போய் குடல்ல தேங்கி கோலிக்னு சொல்ற வயித்துவலி வரும். ஆறு சாணி உருண்டையை உள்ளே இருக்கறது தெரியுற பையில தண்ணி ஊத்திக் கரைச்சுத் தொங்கவிடுங்க, கால் மணி நேரத்துல மணல் அடியில நிக்கும்.

மாதவரம் அடர்தீவனம்:
பெல்லட் எதுவானாலும் ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி அரை மணி நேரம் ஊறவெச்சு, குழைஞ்ச பிறகு குடுங்க. சின்ன தாடையில பல் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கறதால மினி சரியா மெல்லாம முழுங்கும், உணவுக்குழாய்ல அடைச்சுக்கும். கழுத்தை நீட்டிக்கிட்டு மூக்கு வழியா தீனியும் நீரும் வடிஞ்சா உடனே தீனித் தொட்டியையும் தண்ணியையும் அது பக்கத்துல இருந்து அகற்றிட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. வாயில எண்ணெய் ஊத்துற வேலை வேண்டாம், நுரையீரலுக்குப் போயிடும். ஊறவெச்சதை நம்ம வெயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெச்சா புளிச்சிடும். ஐப்பசி, கார்த்திகையில 15 நாளைக்கு மேல மூட்டை வாங்கி அடுக்காதீங்க. பூசணம் பிடிச்ச சோளமும் கடலைப்புண்ணாக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் விஷம்.

பெரம்பூர் லாயம்:
பெல்லட்டே இப்போ வேண்டாங்கிறேன். புல் கணக்கைச் சரி பண்ணுங்க, மூணு வாரம் கழிச்சு அதே எடைமேடையில ஏத்துங்க. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாம, தடவினா கைக்குத் தட்டுப்படணும். முடி அடர்த்தியா இருக்கும்போது கண்ணை நம்பாதீங்க, விரல்ல தடவிப் பாருங்க. அப்பவும் முதுகு மூடலன்னா பேலன்சர் பத்திப் பேசலாம்.

மாதவரம் அடர்தீவனம்:
எடைக்கு மூணு வாரம் காத்திருக்கலாம், ஒத்துக்குறேன். தாமிரம், துத்தநாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பேலன்சர் கிடைக்கலன்னா பெரம்பூர் அண்ணன் சொன்ன பொடியையாவது இன்னைக்கே ஆரம்பிங்க. லேபிள்ல செலினியம் எவ்வளவுன்னு பாருங்க. 90 கிலோவுக்கு நாளைக்கு 0.18 மில்லிகிராம்தான் தேவை, ரொம்ப மிஞ்சினா விஷம். அதனால பொடியும் பேலன்சரும் ஒண்ணாப் போட்டுடாதீங்க.